அம்மா உயரத்துக்கு ஒரு லாரி

"உங்கம்மா எவ்ளோ உயரம் இருப்பாங்க?"

கோதண்டம் மாமா இதைக் கேட்டபோது அவர் கையில் ஒரு பென்சில் இருந்தது, காதில் இன்னொரு பென்சில் இருந்தது. தண்டையார்பேட்டையில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை அவருடையது. நான் நைனாவுக்கு மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். நைனா போல்ட் வாங்கக் கடைக்குப் போயிருந்தார்.

பதினெட்டு வருஷமாக ஒரே அறையில் அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவள் நான். அம்மாவின் செருப்பு அளவு தெரியும். வளையல் அளவு தெரியும். எந்த மீனுக்கு எந்தக் கத்தியை எடுப்பாள் என்று தெரியும். உயரம் தெரியவில்லை.

"நைனாவுக்குத் தெரியும் மாமா" என்றேன்.

"அவரு குடுத்த நூலு இதோ கீது. அது சரியான்னுதான் உன்னாண்ட கேக்கறேன்."

"நைனா குடுத்தா சரியாத்தான் இருக்கும்."

அவர் நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கட்டையில் கோடு போட்டார். அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போய் ஒரு டேப்பை எடுத்து நான் அளந்திருக்கலாம். அளக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் நைனா பெயர் பொன்னுரங்கம். திருவொற்றியூர்க் கடற்கரையில் எங்கள் குப்பம். தாத்தா, பெரியப்பாக்கள் எல்லாருமே கடலுக்குப் போனவர்கள். நைனாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு வயதில் முதல் தடவை படகில் ஏற்றியிருக்கிறார்கள். கரை கண்ணை விட்டு மறைவதற்குள் காலையில் தின்றதெல்லாம் வெளியே வந்துவிட்டதாம். போகப் போகப் பழகிவிடும் என்று திரும்பத் திரும்ப ஏற்றினார்கள். கடைசித் தடவை படகை இன்னும் தள்ளவே இல்லை, மணலில் நின்றபடியே வாந்தி எடுத்தார். அன்றிலிருந்து அவருக்குக் 'கரை ரங்கம்' என்று பேர். இன்றைக்கும் குப்பத்தில் அந்தப் பேரைச் சொன்னால்தான் எங்கள் வீட்டைக் காட்டுவார்கள்.

நைனாவுக்கு அதில் வருத்தம் கிடையாது. "எல்லாரும் கடலுக்கே போயிட்டா, வர்ற மீனை யாரு தூக்கறது? கரைக்கு ஒரு ஆள் வேணுமில்ல" என்பார்.

அப்படித்தான் காசிமேட்டில் ஐஸ் லாரி ஓட்டப் போனார். அங்கேதான் அம்மாவைப் பார்த்தது. அம்மா பெயர் பச்சையம்மா. மீன் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறவள்.

தலைக்கூடை தூக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நிறைந்த கூடையைத் தனியாகத் தலையில் ஏற்ற முடியாது, இறக்கவும் முடியாது. எதிரில் ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கழுத்து பிசகும், அல்லது மீன் மண்ணில் கொட்டும். காசிமேட்டில் காலை நேரம் போனால் "யப்பா, ஒரு கை குடு", "யக்கா, ஒரு கை" என்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நைனா ஐஸ் லாரியிலிருந்து குதித்து வந்து கை கொடுப்பாராம்.

"மத்தவங்க கூப்ட்டா காது கேக்காது இவருக்கு. நான் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடி வந்து நிப்பாரு" என்பாள் அம்மா. அதைச் சொல்லும்போது மட்டும் 'அவரு, இவரு' என்று மரியாதை வரும். மற்ற நேரமெல்லாம் 'யோவ்'தான்.

கல்யாணத்துக்கு அப்புறம் நைனா துறைமுகத்தில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டப் போனார். எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலை எப்படி என்று தெரியும். சாயந்திரம் போனால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. அம்மா விடிவதற்கு முன்பே ஏலத்துக்குக் கிளம்பிவிடுவாள். நைனா வரும்போது அம்மா இருக்கமாட்டாள். அம்மா வரும்போது நைனா தூங்கிக்கொண்டிருப்பார். "இந்த வூட்ல புருசன் பொண்டாட்டி ஷிப்டு மாத்திக்கிறாங்கப்பா" என்று எதிர்வீட்டு அத்தை கேலி செய்வார். அம்மா சோற்றை மூடி வைத்துவிட்டுப் போவாள். நைனா சாப்பிட்டு முடித்ததும் அம்மாவின் இரண்டு கத்திகளையும் தீட்டி, பழைய துணியில் சுற்றி, கூடைக்குள் வைத்துவிட்டுப் படுப்பார். இருபத்தெட்டு வருஷம் இப்படித்தான் போனது. சண்டை போடக்கூட அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது, அதுவும் மீன் வியாபாரம் அதிகமாக நடக்கும் நாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அம்மா வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தபோது கத்தி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுத்தாள். மறுபடி விழுந்தது. விரல் மரத்துப்போயிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு நானும் நைனாவும் கூடப் போனோம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தலையில சுமை வைக்கிறதை நிறுத்திடுங்கம்மா" என்றார்.

"அப்போ தலையை எடுத்துடுங்க டாக்டர்" என்றாள் அம்மா.

டாக்டர் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. அம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எங்களுக்குத் தெரியும். அவளுக்கு நாற்பது வீடுகள் வாடிக்கை. எந்த வீட்டில் யாருக்கு முள் ஆகாது, எந்த வீட்டில் பிள்ளை பெற்றிருக்கிறார்கள், யாருக்குப் பால்சுறா வேண்டும், எல்லாம் அவள் மனசில் இருக்கும். "உக்காந்து துன்னா எனக்குச் செரிக்காது" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

நைனா தனியாகப் போய் டாக்டரிடம் கேட்டார். நேராக நடக்கும்போது அவ்வளவு பாதிப்பு இல்லை, ஏற்றும்போதும் இறக்கும்போதும் கழுத்தை வெடுக்கென்று இழுக்கிறதே, அதுதான் நரம்பைக் கெடுக்கிறது, அப்புறம் கூடையோடு ரோட்டில் மணிக்கணக்காக நிற்பது, இப்படியே போனால் வலது கை பிடிப்பே போய்விடும் என்றார் டாக்டர்.

அம்மா ஏன் ரோட்டில் நிற்கிறாள் என்றால், பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் வேண்டாம், ஆனால் மீன்கூடைக்கு இடம் கிடைக்காது. ஷேர் ஆட்டோக்காரர்கள் தூரத்திலேயே கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஏற்றுகிற ஒருவன் வரும்வரை கூடையைத் தலையிலேயே வைத்துக்கொண்டு நிற்பாள். இறக்கி வைத்தால் மறுபடி ஏற்ற ஆள் தேட வேண்டுமே.

அடுத்த மாதமே நைனா டிரெய்லர் வேலையை விட்டார். புழலில் மூடிக் கிடந்த ஓர் அரிசி மில் வளாகத்தில் பழைய மூக்கு லாரி ஒன்று நிற்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார். இன்ஜின் முன்னால் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், இப்போது ரோட்டில் பார்க்க முடியாத வண்டி. ஆர்.சி. புத்தகத்தில் 1967 என்று இருந்தது. கேபினுக்குள் வேப்பங்கன்று முளைத்திருந்தது. பின்பக்கப் பாடி முழுக்க உளுத்துப்போய், தொட்டால் தூளாக உதிர்ந்தது. ஆனால் இரும்புச் சட்டம் உறுதியாக இருந்தது. "இந்தக் காலத்து வண்டியை நம்மால வாங்க முடியாது கண்ணு. வாங்குனாலும் அதுக்கு ஒண்ணுன்னா கம்ப்யூட்டரை வச்சுத்தான் பாக்கணும். இதுன்னா நான் பாத்துக்குவேன்" என்றார். மெக்கானிக் தோஸ்து ஒருவரும் நைனாவும் சேர்ந்து ஒன்றரை வருஷம் அதைப் பிரித்துக் கோத்தார்கள். நீலப் பெயிண்ட் அடித்தார்கள். ஒரு நாள் அது இருமிக்கொண்டே கிளம்பியது.

அம்மாவுக்கு அந்த லாரியின் மேல் அப்படி ஒரு கோபம். அது எதற்காக என்று நைனா சொல்லவே இல்லை. சொன்னால் "எனக்காக எதுவும் செய்ய வேணாம்" என்று முதல் நாளே நிறுத்தியிருப்பாள். அதனால் அவள் அந்த லாரிக்கு ஒரு பேர் வைத்தாள்.

"இன்னாயா, உன் சின்னவூட்டுக்குக் கிளம்பிட்டியா?"

"ஆமாமே."

"நல்லாப் பவுடர் போட்டு வுடு அவளுக்கு. கிழவியைக் கொண்டாந்து மேக்கப் போட்டுக்கினு கீறான் கஸ்மாலம்."

நைனா சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டுவார்.

கோதண்டம் மாமா பட்டறைக்கு வண்டி வந்ததும் முதல் தகராறு பாடியைப் பற்றித்தான். மாமா நான்கு பக்கமும் பலகை அடைத்த பாடியைச் சொன்னார். நைனா பக்கப் பலகையே வேண்டாம், வெறும் தளம் மட்டும் போதும் என்றார்.

"பிளாட்டா வுட்டா மீனு ரோட்ல நீந்தும் அண்ணே."

"கயிறு கட்டிக்கலாம். எந்தப் பக்கத்துலருந்தும் கூடை தடங்கல் இல்லாம உள்ள போவணும்."

"சரி. உயரம்?"

நைனா சட்டைப் பையிலிருந்து ஒரு நூலை எடுத்தார். வலை பின்னுகிற நைலான் நூல். ஒரு முனையைத் தரையில் வைத்துக் காலால் மிதித்து, மேலே இழுத்து, ஒரு முடிச்சைக் காட்டினார். மாமா டேப்பை வைத்துப் பார்த்தார். நாலே முக்கால் அடி.

"இன்னா அண்ணே, வெளையாடறியா? லோடு ஏத்தறவன் என்னை ஏசுவான். ஊரு பூரா தளத்தை எறக்கு எறக்குன்னுதான் சொல்லுவாங்க. நீ ஏத்துன்றியே?"

அப்போதுதான் நைனா அவரிடம் விஷயத்தைச் சொன்னார். கூடை தலையில் இருக்கிற உயரமும் தளத்தின் உயரமும் ஒன்றாக இருந்தால், இறக்குவதற்கு யாரும் கை கொடுக்க வேண்டாம். தளத்தின் ஓரத்தில் போய் நின்று லேசாகத் தள்ளினால் கூடை நழுவி உள்ளே போய்விடும். கூடை லாரியில் வரும், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பதால் அம்மா பஸ்ஸில் வருவாள். எங்கள் தெரு முனையில் லாரி நிற்கும். அதே மாதிரி தலையைக் கொடுத்து இழுத்துக்கொண்டால் ஏற்றவும் யாரும் வேண்டாம். கழுத்தில் அந்த வெடுக்கென்ற இழுப்பு இருக்காது. சும்மாடுக்கு, அதாவது தலையில் சுருட்டி வைக்கிற துணிக்கு, இரண்டு இஞ்ச் கூட்டியிருப்பதாகவும், நழுவுவதற்கு வசதியாக ஒரு இஞ்ச் குறைத்திருப்பதாகவும் நைனா விளக்கினார்.

மாமா பென்சிலைக் காதில் செருகினார். "சும்மாடுக்கெல்லாம் கணக்கு வச்சிருக்கியே தலீவா" என்றார். அதற்கப்புறம் நைனாவிடம் உயரத்தைப் பற்றித் தகராறு செய்யவில்லை.

ஒன்பது நாள் வேலை நடந்தது. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் உட்காரப் பிடிக்காமல் நான் தினமும் சாப்பாட்டுத் தூக்கோடு அங்கே போய்விடுவேன். இரும்புச் சட்டத்தின் மேல் குறுக்குக் கட்டைகளை அடுக்கினார்கள். வழக்கத்தைவிட உயரமாக வேண்டும் என்பதால் கட்டைக்கு மேல் கட்டை வைத்து, யூ போல்ட் போட்டு இறுக்கினார்கள். அதன் மேல் வேங்கைப் பலகை. மீன் தண்ணீர் வடிய, பலகைகளுக்கு நடுவில் சுண்டுவிரல் இடைவெளி விட்டார்கள். ஓரம் முழுக்க அலுமினியத் தகடு அடித்து, அதன் விளிம்பை மாமா உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினார். நைனா அதில் கையை வைத்து வழுக்கவிட்டுப் பார்ப்பார். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது பார்ப்பார். வியாழக்கிழமை வண்டியை எஃப்.சி.க்குக் காட்ட நாள் வாங்கியிருந்தார்கள். அதில் தேறினால்தான் ரோட்டில் ஓட்ட முடியும். ஏற்கெனவே ஒரு தடவை நாள் தள்ளிப்போயிருந்தது.

திங்கட்கிழமை நைனா போனில் சார்ஜ் இல்லை. மாமா அம்மா நம்பருக்குக் கூப்பிட்டுவிட்டார். அம்மா கையெல்லாம் செதில், அதனால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"யக்கா, பாடி ரெடியாயிடுச்சு. நாளைக்குக் காலைல வந்து எடுத்துக்கினு போகச் சொல்லு."

எதிர்வீட்டு அத்தை அப்போது எங்கள் வாசலில் நெத்திலி வாங்கிக்கொண்டிருந்தார். கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டு, "ஐயையோ, கரை ரங்கம் பூட்டானா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். இரண்டு நிமிஷத்தில் வாசலில் பதினைந்து பேர். ஒருவர் ஆட்டோவே கூப்பிட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்து நைனா பீடி வாங்கிக்கொண்டு தெருமுனையில் திரும்பினார்.

"இன்னா கூட்டம்?" என்றார்.

அத்தை அழுகையை நிறுத்தாமலே திட்டினார். "லாரி பாடின்னு சொல்லித் தொலைக்கக் கூடாதா அந்தப் பேமானி!"

அம்மா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவளை அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாயிற்று. நைனா அந்தச் சிரிப்பை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு ஏலம் முடிஞ்சு கூடையோட அப்படியே பட்டறைக்கு வந்துட்டுப் போயேன்."

"கூடையோட எதுக்கு?"

"வாயேன்."

"உன் சின்னவூட்டுக்கு மீனு கொழம்பு வைக்கணுமா?" என்றாள். ஆனால் வந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி இருக்கும். அம்மா பட்டறை வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். மாமா கை கொடுத்துக் கூடையைத் தலையில் ஏற்றிவிட்டார். கூடையில் சாளையும் கொஞ்சம் சங்கராவும். லாரி வாசலைப் பார்த்து நின்றது. நைனா வேஷ்டி கட்டி, சலவைச் சட்டை போட்டிருந்தார்.

"இந்த ஓரத்தாண்ட வா. அப்படியே நின்னு உள்ள தள்ளு. குனியாத, நிமிராத. சும்மாத் தள்ளு."

அம்மாவுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. தளத்தின் ஓரத்துக்குப் போய் நின்று கூடையைத் தள்ளினாள்.

டங் என்றது.

கூடை தளத்தின் மேலே போகவில்லை, விளிம்பில் இடித்து நின்றது. அடிப்பக்கம் தகட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே இருந்தது. அம்மா குதிகாலைத் தூக்கி எம்பினாள். மறுபடி டங். கழுத்து நடுங்கியது. மாமா பாய்ந்து வந்து கூடையைப் பிடித்து இறக்கினார். நாலைந்து சாளை மரத்தூளில் விழுந்தன.

நைனா அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"நேரா நில்லுமே."

"நேராத்தான் நிக்கறேன்."

நைனா தன் தோளைப் பார்த்தார். அம்மாவின் உச்சந்தலை அவர் தோளுக்கு வரவில்லை. சட்டைப் பைக்குக் கொஞ்சம் மேலே நின்றது.

"அண்ணே, இந்த நூலை எங்க வச்சு அளந்த?" என்று மாமா மெதுவாகக் கேட்டார்.

நைனா தோள் எலும்பைத் தொட்டுக் காட்டினார். "இங்க வருவா. கல்யாணத்தன்னிக்குப் பக்கத்துல நின்னப்போ சரியா இங்க வந்தா. அப்பால..." என்று நிறுத்திவிட்டார். அப்புறம் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்க நேரமே இருக்கவில்லை. ஒருவர் வந்தால் ஒருவர் போய்க்கொண்டிருந்தார்கள். டிரெய்லரை விட்ட பிறகும் நைனா லாரியோடுதான் கிடந்தார். சும்மாடுக்குக் கூட்டத் தெரிந்த நைனாவுக்கு, இத்தனை வருஷக் கூடைக்குக் கழிக்கத் தெரியவில்லை.

அவர் லாரியின் படியில் உட்கார்ந்தார். "வித்துடலாம் கோதண்டம்" என்றார். "இவ இனிமே ஒரு கிலோ கூடத் தூக்கக் கூடாது. என் பொண்டாட்டி குள்ளமானதுகூடத் தெரியாம நான் ஊரான் கன்டெய்னரை இழுத்துக்கினு இருந்திருக்கேன்."

நைனா அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. என்னிடம் கேட்டார்களே, நான் ஒரு வார்த்தை 'அளந்து சொல்றேன்' என்று சொல்லியிருக்கலாமே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா விழுந்த சாளைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தூளைத் தட்டி, கூடையில் போட்டாள். பிறகு நைனா எதிரில் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"எழுந்திரு."

"வேணாம்மே."

"எழுந்திருய்யா. கோதண்டம், அந்த டேப்பைக் கொண்டா. மொதல்ல இவரை அள."

"என்னை எதுக்கு?"

"கல்யாணத்தப்போ அஞ்சே முக்கால்னு பீத்திக்கினே. அள கோதண்டம்."

மாமா அளந்தார். "அஞ்சு ஏழுதான் அண்ணே வருது."

"பாத்தியா!" என்றாள் அம்மா. "டிரெய்லர் சீட்ல குந்திக்குந்தி உன் முதுகு வளைஞ்சு ரெண்டு இஞ்சு போச்சே, அதை நான் வந்து அளந்தனா? வண்டியை வித்துடுன்னு ஒப்பாரி வச்சனா? கத்தி புடிக்கற கை போவக் கூடாதுன்னு இதைக் கட்டிட்டு, இப்போ விக்கறானாம். வித்துட்டு? நான் வூட்ல குந்திக்கினு சீரியல் பாக்கணுமா?"

"பச்சை..."

"இன்னா பச்சை? இப்போ என்னை அள. நீயே அள. கூடையோட அள."

சும்மாடை வைத்துக்கொண்டாள். மாமாவும் நானும் கூடையை ஏற்றிவிட்டோம். நைனா டேப்பின் முனையைத் தரையில் அம்மாவின் பெருவிரல் பக்கத்தில் வைத்தார். டேப் இரண்டு தடவை அவர் கையிலிருந்து நழுவிச் சுருண்டு உள்ளே போய்விட்டது.

"ஜல்தி. கழுத்து வலிக்குது."

"ஆடாத, ஆடாத." கூடையின் அடியில் விரலை வைத்து, குனிந்து எண்ணைப் படித்தார். உரக்கச் சொல்லவில்லை. மாமா காதில் சொன்னார்.

வியாழக்கிழமை எஃப்.சி. இரண்டு நாள்தான் இருந்தது. மாமா அன்று வந்த வேறு வேலையை எடுக்கவில்லை. ஒன்பது நாள் போட்ட பலகைகளை ஆணி பிடுங்கிக் கழற்றினார்கள். யூ போல்ட்களை வெட்டினார்கள். கட்டைக்கு மேல் வைத்திருந்த கட்டைகளை எடுத்து இழைத்து மறுபடி வைத்தார்கள். அம்மா மத்தியானம் வியாபாரம் முடிந்ததும் நேராகப் பட்டறைக்கு வந்து, ஒரு ஓரத்தில் உட்கார்ந்து எல்லாருக்கும் மீன் வறுத்துப் போட்டாள். வறுக்கிற இடத்திலிருந்தே "அங்க ஒரு ஆணி தலையை நீட்டிக்கினு கீது பாரு" என்று மேற்பார்வையும் பார்த்தாள்.

கட்டையை இறுக்கும்போது மாமா நைனாவிடம் ரகசியமாக ஒன்றைக் காட்டினார். இந்தத் தடவை முழுக்கட்டையாக வைக்காமல், நடுவில் அரை இஞ்ச் பலகைத் துண்டுகளாக நான்கு அடுக்கு கொடுத்திருந்தார். "போல்ட்டை லூஸ் பண்ணி ஒண்ணு உருவுனாப் போதும், தளம் அரை இஞ்ச் எறங்கும். மறுபடி பிரிக்க வேணாம்" என்றார்.

நைனா அந்த நான்கு துண்டுகளையும் தடவிப் பார்த்தார். "நாலு இன்னாத்துக்கு கோதண்டம்? ரெண்டு போதுமே" என்றார்.

"இருக்கட்டும் அண்ணே. வயசு ஆவுமில்ல, எல்லாருக்கும்."

எஃப்.சி.யில் வண்டி தேறியது. ஆய்வாளர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் காசிமேட்டு வாசலில் நீல லாரி நின்றது. மீன்காரப் பெண்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். "இன்னாடி பச்சை, மாப்பிள்ளை மூக்கு வண்டில வந்துட்டாரு" என்றாள் ஒருத்தி. நைனா வண்டியிலிருந்து இறங்கினார். பழக்க தோஷம், அம்மா கூடையோடு வருவதைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினார்.

"தள்ளு" என்றாள் அம்மா. "கை குடுக்காத. நான் பாத்துக்கறேன்."

நைனா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அம்மா தளத்தின் ஓரத்தில் நின்றாள். தள்ளினாள். கூடை தலையிலிருந்து தகட்டின் மேல் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் நின்றது. சத்தமே வரவில்லை. அம்மாவின் கழுத்து அசையவில்லை. பிறகு ஒருத்தி தன் கூடையோடு வந்து நின்றாள். அவள் அம்மாவைவிட உயரம், லேசாக முழங்காலை மடித்துத் தள்ளினாள். அடுத்தவள் வந்தாள். ஒன்பது கூடைகள் ஏறின. நைனா கயிறு கட்டினார்.

கூடையை அனுப்பிவிட்டு அம்மா பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். நானும் கூடப் போனேன். அவளுக்கு நடக்கவே தெரியவில்லை. கூடை இல்லாமல் அந்த ரோட்டில் அவள் நடந்ததே இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்தாள், விட்டாள், ஆட்டிப் பார்த்தாள். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பக்கத்திலேயே போய்க்கொண்டிருந்த நீல லாரியைத் திருவொற்றியூர் வரை பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் வலது கை என் மடியில் இருந்தது. விரல் இன்னும் கொஞ்சம் மரத்துத்தான் இருக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் கத்தி கீழே விழுவதில்லை.

இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரிந்தவர்களில் லாரி பாடி கட்டுகிறவர்கள் இருக்கலாம், கடைக்கு மேடை கட்டுகிற கொத்தனார் இருக்கலாம், மார்க்கெட்டில் சுமை இறக்க இடம் அமைத்துக்கொடுக்கிறவர் இருக்கலாம். அவர்களிடம் பொன்னுரங்கம், பச்சையம்மா கதையைச் சொல்லுங்கள். அவர்களுக்குப் படிக்க நேரம் இருக்காது, அதனால் டீ குடிக்கும்போது வாயால் சொன்னால் போதும். சுமக்கிற ஆளை வரவழைத்து, சுமையோடு நிற்க வைத்து அளக்கச் சொல்லுங்கள். நானும் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.